புளியமரத்தில் ஓர் ஆள் இடம்

ஒரு காக்கை நழுவவிட்ட புளியங்காயில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். விலங்குக்காட்சிச் சாலையில், லெமூர் என்கிற குரங்குபோன்ற பிராணிகளின் கூண்டுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வைத்த வாழைப்பழம், ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஐந்து லெமூர்களும் முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைமேல் போட்டுக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கம் இருந்தது ஒரு சுவர். சுண்ணாம்பு உதிர்ந்த, ஒரு பல்லிகூட ஓடாத வெறும் சுவர். பல நாளாக இதே கதை. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவில் நானே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. ஆனால் அந்தத் தேன் நிறக் கண்கள் அத்தனையும் என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று கூண்டின் கம்பிக் கூரையில் காக்கை வந்து உட்கார்ந்து, வாயிலிருந்ததைத் தவறவிட்டது. அரைப்பழமாக இருந்த ஒரு புளியங்காய். கூட்டத்துக்குத் தலைவியான பெரிய பெண் எழுந்து வந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து, மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு அதன் தொண்டையிலிருந்து பூனை மடியில் படுத்துக் கொர்கொர் என்று இழுக்குமே, அந்தச் சத்தம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவற்றோடு இருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. ஓட்டை உடைத்துத் தின்றது. தின்று முடித்ததும் மறுபடி அதே பக்கம் திரும்பி உட்கார்ந்தது. இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு மேலே பார்த்தேன். தூரத்தில், மாந்தோப்பின் கடைசியில், தனியாக ஒரு புளியமரத்தின் உச்சி அசைந்துகொண்டிருந்தது.

நீங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவம் சொல்ல வேண்டியவர் ஓய்வு பெற்ற பெரியவராக இருக்க வேண்டும். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் இங்கே ஓய்வு பெறும்வரை யாரும் தங்கியதில்லை. படித்துவிட்டு வந்து இங்கே இருப்பவர்களில் பழையவன் நான்தான். கூண்டு கழுவுவது, தீனி நிறுப்பது எல்லாம் கன்னியப்பன் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லமாட்டேன் என்று ஒதுங்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் நான் எழுதுகிறேன்.

எழுபத்துமூன்றில் விலங்கியல் பட்டத்தோடு நான் இங்கே வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. நம்முடைய இந்தத் தனியார் விலங்குக்காட்சிச் சாலைக்குத் தெற்கே இரும்பு உருக்கும் ஆலை, வடக்கே ஏரி. லெமூர்கள் கப்பலில் மதராஸ் வந்து, அங்கிருந்து லாரியில் இங்கே வந்தவை. நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள்: பூனை அளவு உடம்பு, நரி முகம், கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் வட்டம், கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட நீண்ட வால். மடகாஸ்கர் தீவைத் தவிர வேறு எந்தக் காட்டிலும் இவை கிடையாது. அங்கேயும் காட்டை வெட்ட வெட்டக் குறைந்துகொண்டே வருகின்றன. வருகிற ஜனங்கள், “வாலு வெச்ச தேவாங்கு” என்று சொல்லிவிட்டுக் கரடியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆலையில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். சங்கு நின்றதும் லெமூர்கள் பதிலுக்குக் குரல் கொடுக்கும். கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்துபோனால் அதைத் தேடிக் கூப்பிடும் குரல் அது என்று எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். கேட்பவர்களுக்கோ, யாரோ ஒரு பெண் தூரத்தில் ஒப்பாரி வைப்பதுபோல் இருக்கும். பட்டப்பகலில், நல்ல வெயிலில், ஆலைவிட்டு வீட்டுக்குப் போகும் தொழிலாளிகள் சைக்கிளை மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வந்தவற்றில் இரண்டு என் கண் முன்னால் செத்துப்போயின. நோஞ்சானாகிவிட்டன, ரத்தம் ஊறட்டும் என்று நாங்கள் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் டானிக்குமாகக் கொடுத்துப் பார்த்தோம். கொடுக்கக் கொடுக்க இளைத்தன. திருவள்ளூரிலிருந்து பஸ் ஏறி வரும் கால்நடை டாக்டர் இரண்டாவதை அறுத்துப் பார்த்தார். ஈரல் கறுத்துக் கிடந்தது. நெற்றியில் நாமமும் கையில் கத்தியுமாக அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “நன்னாப் போஷித்துத்தான் இதுகளைக் கொன்னுண்டிருக்கோம் ஓய்” என்றார்.

நிர்வாகி அன்றே சொல்லிவிட்டார்: இன்னொன்று செத்தால் மீதி எல்லாம் சர்க்கஸுக்கு. திருவள்ளூரில் கூடாரம் அடித்திருந்த ஒரு சர்க்கஸ்காரர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, வளைய வாலுக்குச் சிவப்புச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சட்டையை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் புளியங்காயைப் பார்த்ததும் நான் நேராகக் கன்னியப்பனிடம் ஓடினேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து கூழைக்கடாக்களுக்கு மீன் பிடித்துப் போட வந்து, அப்படியே காவலாளியாகிவிட்டவர் அவர். லெமூர்களின் ஊரில் புளியமரம்தான் அவற்றுக்கு வீடும் சோறும் என்று எங்கோ படித்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்திருந்தது. மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

“எந்த மரம்?”

“தோப்புக் கடைசியில இருக்கே, அது. அதச் சுத்தி அகழி வெட்டித் தண்ணி வுட்டுடலாம். இதுங்க தண்ணியத் தாண்டாது. நடுவுல ஒரு சின்ன ஊடு கட்டிக் குடுத்தா...”

“இன்னா சார் நீ, வெளையாடுறியா? உச்சி வேளைல அந்தாண்ட நாயிகூட போவாது. ஒரு பொம்பள தூக்கு மாட்டிக்கின மரம் அது.”

“எப்ப?”

“எப்பவோ. நீ வர்றதுக்கு மின்ன.” அவர் கூண்டைக் காட்டினார். “இதுங்க மூஞ்சியப் பாரு. கண்ணுல மையி இட்டுக்கினு, வெள்ளையா மூஞ்சிய வெச்சிக்கினு. இத்தக் கொண்டுபோய் அந்த மரத்துல வுட்டா எது கொரங்கு, எது பேயின்னு யாரு நைனா பாத்துச் சொல்றது?”

நான் சிரித்தேன். பக்கத்தில் அரிவாள்மணையில் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்த தேசம்மா சிரிக்கவில்லை. லெமூர்களுக்குத் தீனி தயார் செய்வது அவர்தான். நறுக்கி முடித்ததும் அலுமினியத் தட்டில் கரண்டிக் காம்பால் மூன்று தட்டுத் தட்டி, “வாங்கடி வாங்க” என்பார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாம் ஓடி வரும். தலைவிக்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். லெமூர்க் கூட்டத்தில் பெண் வைத்ததுதான் சட்டம். ஆண்கள் கையில் இருப்பதைப் பிடுங்கி, கன்னத்தில் ஒன்று போட்டு விரட்டும். “எங்க ஊட்டு மாமியாருக்கு வாலு ஒண்ணுதான் கொறச்சல்” என்று தேசம்மா சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அன்று மட்டும் தலையைத் தூக்காமல் நறுக்கிக்கொண்டே இருந்தார். நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை. யோசனை வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது.

அகழி வெட்ட உள்ளூர் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தேன். டீக்கடையில் யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு சூரியன் தலைக்கு மேலே வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தோப்பின் மறுபக்கம் போய்விடுவார்கள். நிழல் சாயத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள். அந்த இடைவேளையில் நான் மட்டும் மரத்தடியில் நிற்பேன். ஒன்று சொல்கிறேன். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். காற்று நிற்கும். ஆலையின் இரைச்சல்கூட அந்த நேரத்தில் எங்கோ தள்ளிப்போய்விடும். எனக்குப் பயம் இல்லை என்று எனக்கே உரக்கச் சொல்லிக்கொள்வேன். உரக்கச் சொன்னதை யாரோ கேட்டதுபோல் இருக்கும்.

லெமூர்களுக்கு வீடு கட்ட மரத்தின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். செங்கல் மேடை, கல் கூரை, கீழே ஒரு கதவு. நாங்கள் போய்வர அகழிமேல் எடுத்துப் போடும் ஒரு பலகைப் பாலம். கிழக்குக் கிளை ஒன்று கூரையை உரசுவதுபோல் தாழ்ந்து நீண்டிருந்தது. அதிலிருந்து நேராக உள்ளே இறங்கச் சுவரின் மேல்பாகத்தில் ஒரு சின்னத் திறப்பும் வைத்தேன். கொத்தனார் அந்தக் கிளையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டார்.

கொண்டுபோய் விட்டோம். அந்தக் காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமியார் மரத்தடியில் கை ஊன்றி ஒரு நிமிடம் நின்றது. பிறகு ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போனது. மற்றவை பின்னால். கொழுந்தைப் பிய்த்துத் தின்னும் சத்தம் மழை பிடித்ததுபோல் கேட்டது. சில வாரங்களில் ரோமத்தில் பளபளப்பு வந்தது, மலம் கெட்டிப்பட்டது, மந்தமாகக் கிடந்த ஆண்கள் ஒன்றின்மேல் ஒன்று வாலை ஆட்டிச் சண்டை போட ஆரம்பித்தன. புளியங்கொழுந்தில் இருக்கும் எது அந்த ஈரலைக் காப்பாற்றியது? எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களில் ஒருவர் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவேன். பங்குனியில் மாமியார் ஒரு குட்டி போட்டது. எலிக்குஞ்சு அளவு, ஆனால் கண்ணைச் சுற்றி மை மட்டும் கச்சிதம். சர்க்கஸ்காரருக்கு நிர்வாகி ‘இல்லை’ என்று சொல்லியனுப்பினார். ஆனால் என் பக்கம் திரும்பி, “இப்போதைக்கு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில்தான் அந்தக் கிளை என் கண்ணில் பட்டது. மரம் முழுக்க லெமூர்கள் ஏறி இறங்கின. கிழக்குக் கிளையில் மட்டும் கால் வைக்கவில்லை. வீட்டுக்குள் போக அதுதான் குறுக்கு வழி. அவை அடிமரம் வழியாகத் தரைக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு கீழ்க் கதவு வழியாகத்தான் போயின. துரத்தி விளையாடும்போதுகூட, ஓட்டத்தின் நடுவில், அந்தக் கிளை பிரியும் இடத்தில் சட்டென்று திரும்பிவிடும். ஏணி போட்டு ஏறினேன். பாம்பு இல்லை, எறும்பு இல்லை, ஆந்தைப் பொந்து இல்லை. சுத்தியலால் தட்டினேன், உள்ளே உளுத்துப்போகவில்லை, கணீரென்று இருந்தது. காக்கைகள் அதில் உட்காருகின்றன. லெமூர்களுக்குப் பிடித்த அத்திப்பழத்தை அதில் கட்டித் தொங்கவிட்டேன். பழம் அழுகி விழுந்தது. உச்சி வேளையில் மட்டும் ஐந்தும் எதிர்க்கிளையில் வரிசையாக உட்கார்ந்து அந்தக் கிளையின் நடுவிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முன்பு சுவரைப் பார்த்த அதே பார்வை.

இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாகவே போய்த் தேசம்மாவிடம் சொன்னேன். “ஒரு கிளையில மட்டும் போவவே மாட்டேங்குது, பாத்தீங்களா? வீட்டுக் கூரைமேல நீட்டிக்கினு இருக்கே, அது.”

தேசம்மாவின் கை பப்பாளிமேல் அப்படியே நின்றது.

“கூரைக்கு மேலயா? கெழக்கால பாத்தாப்புல நீட்டிக்கினு?”

“ஆமா.”

“அது எங்க அக்கா, தம்பி.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அவர் நறுக்குவதைத் தொடர்ந்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கல்யாணமாயி வயித்துல ஒண்ணும் தங்கல. ஊட்டுல பேசிக்கினே இருந்தாங்க. எது எடுத்தாலும் பேச்சு. ஒரு நாளு மாங்கா பொறுக்கப் போறேன்னு கூடைய எடுத்துக்கினு போச்சு. நாந்தான் தேடிக்கினு போய்ப் பாத்தேன். உச்சி நேரம்.” பப்பாளி விதையை வழித்து எறிந்தார். “அது இருக்கற எடத்துல வேற யாரு போய் குந்துவா? நீ குந்துவியா?”

நான் கன்னியப்பனிடம் போய், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். “மரத்தச் சொன்னேனா இல்லியா? நீதான் சிரிச்ச,” என்றார் அவர். “யாருன்னு நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். தேசம்மா தெனிக்கும் உன் எதுக்கத்தான் குந்திக்கினு கீது. அத வெச்சிக்கினு நானா ஆரம்பிக்கிறது?”

டாக்டர் வந்ததும் மரத்தடியில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “திருவாலங்காட்டைப் பேய்கள் நடமாடின காடுன்னு சொல்வா. நான் அங்கே வாராவாரம் மாட்டுக்கு ஊசி போட்டுண்டிருக்கேன். உண்டா இல்லையான்னு என்னைக் கேக்காதேயும். மிருகம் என்ன பண்றதுன்னு பார்த்தீர். அந்த மட்டும் உம்ம வேலை. ஏன் பண்றதுன்னு நீரா ஒண்ணைச் சொல்லிண்டா, அப்புறம் அந்தக் கதையைத்தான் பார்ப்பீர், மிருகத்தைப் பார்க்க மாட்டீர்.” பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்தார். போகும்போது அவரும் அந்தக் கிளைக்கு அடியில் போகாமல் சுற்றித்தான் போனார். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

வைகாசியில் புயல் வந்தது. நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில்தான் புயலை எதிர்பார்ப்போம். கோடையில் வருவது அபூர்வம். ரேடியோவில் சொன்னபோதே கன்னியப்பன் வானத்தைப் பார்த்துவிட்டுக் கரடிக் கூண்டுக்குக் கயிறு கட்டப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் வானம் ஈயம் பூசிய பாத்திரம்போல் ஆயிற்று. சங்கு ஊத வேண்டிய நேரத்தில் ஊதவில்லை. ஆலையில் மின்சாரம் போயிருந்தது. ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஏறி, அகழி நிரம்பி, மரத்தைச் சுற்றியிருந்த தரையும் முழுகிவிட்டது. லெமூர் வீட்டின் மேடையும் பலகைப் பாலமும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

லெமூர்கள் உச்சியில் இருந்தன. மழை தொடங்கியபோதே இறங்கியிருக்க வேண்டியவை, காற்றின் ஊளையில் மிரண்டு மேலே போய்விட்டன. இப்போது இறங்கி வந்தால் தரை முழுக்கத் தண்ணீர். தண்ணீரில் அவை கால் வைக்காது. வீட்டுக்குப் போக மிச்சமிருந்த வழி கிழக்குக் கிளையும் அதன் கீழிருந்த திறப்பும்தான். உச்சிக் கொம்புகள் சாட்டைபோல் சுழன்றன. மாமியாரின் முதுகில் குட்டி அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருப்பது கீழேயிருந்து தெரிந்தது.

முழங்கால் தண்ணீரில் நானும் கன்னியப்பனும் நின்றோம். கடலில் வளர்ந்தவர் அவர். காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னும் கொஞ்ச நேரத்துல காத்து நிக்கும். நின்னுட்டுத் தெக்கால திரும்பும். திரும்பறப்ப இந்த உச்சி தாங்காது.”

“ஏணி புடிங்க. நான் வலையோட ஏறுறேன்.”

“ஏறு. உன்னப் பாத்து அது குதிக்கும். குட்டி எங்க வுழும்?”

நீண்ட கழியில் கட்டிய வலை என் கையில் இருந்தது. ஒரு பக்கம், ஏதாவது செய்தாக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. இன்னொரு பக்கம், அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. இந்த வேலையில் மிகக் கஷ்டமான நிமிடம் அதுதான். கையில் கருவி இருக்கும். எடுத்துப் பயன்படுத்தினால் கெட்டுப்போகும். சும்மா நின்றால் கோழையாகத் தெரியும். நான் ஏணியின் முதல் படியில் கால் வைத்துவிட்டேன்.

அப்போது டங், டங், டங் என்று அலுமினியத் தட்டின் சத்தம் கேட்டது.

தேசம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் கோணிப்பையோடு, பலகைப் பாலத்தின்மேல் வந்துகொண்டிருந்தார். அந்த மரத்தின் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் அகழி வெட்டியபோது வரவில்லை, குட்டி பிறந்தபோது வரவில்லை. தீனித் தட்டைக்கூடத் தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

“ஏய் தேசம்மா! அங்க போவாத! சொன்னாக் கேளு!” கன்னியப்பன் கத்தினார்.

“நீ வாய மூடிக்கினு நில்லுண்ணா.” என்னைப் பார்த்தார். “தம்பி, அத்தக் கீழ போடு. அதுங்க வலையப் பாத்தா வராது.”

நான் ஏணியிலிருந்து காலை எடுத்து, வலையைத் தண்ணீரில் போட்டேன். அது மிதந்து போனது.

தேசம்மா கிழக்குக் கிளைக்கு நேர் கீழே போய் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். லெமூர்களை அல்ல, அவை உச்சியில் இருந்தன. கிளையின் நடுவிடத்தைப் பார்த்தார். மழை முகத்தில் அடித்தும் கண்ணை மூடவில்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் சாதாரணக் குரலில் சொன்னார்:

“அக்கா. கொஞ்சம் நவுந்து குந்து. புள்ளைங்க வரணும்.”

காற்று நின்றது. அது நிற்கும் என்று கன்னியப்பன் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்ன நேரம்தான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வரவில்லை. அந்த அமைதியில் மரத்திலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தேசம்மா தட்டில் மூன்று தட்டுத் தட்டினார். “வாங்கடி வாங்க.”

மாமியார் இறங்கி வந்தது. கிழக்குக் கிளை பிரியும் இடத்தில் நின்றது. ஒரு கையை அதன்மேல் வைத்து எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு நடந்தது. ஓடவில்லை, நடந்தது. கிளையின் நடுவில், ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் எப்படி ஒதுங்கிப் போவோமோ அப்படி, வெளிப்புறமாக வளைந்து, வால் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டியது. முதுகிலிருந்த குட்டி மட்டும் தலையைத் திருப்பி அந்த இடத்தைப் பார்த்தது. பின்னால் வந்த நான்கும் அதே இடத்தில் அதேபோல் வளைந்து வந்தன. ஒவ்வொன்றாகத் திறப்புக்குள் இறங்கின. கன்னியப்பன் என் தோளைப் பிடித்திருந்தார். கடைசி வால் மறைந்த பிறகுதான் விட்டார்.

“வாங்க தேசம்மா, போலாம்!” என்றேன்.

“நீங்க போங்க. தோ வந்துட்டேன்.” அவர் கையை உயர்த்தி அந்தக் கிளையை ஒரு தரம் தொட்டார். பிறகு வந்தார்.

நாங்கள் பாலத்தைத் தாண்டி மாந்தோப்புக்குள் வந்தபோது காற்று தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. புளியமரத்தின் உச்சி முறிந்து அகழியில் விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். கிழக்குக் கிளை அப்படியே இருந்தது.

இதை வைத்து நீங்கள் என்ன நினைக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. பழக்கமான தட்டுச் சத்தத்துக்கு விலங்கு வந்தது, அவ்வளவுதான் என்று நிர்வாகியிடம் சொன்னேன்; அதுவும் உண்மைதான். அந்தத் தட்டு தேசம்மாவிடம் இருக்கிறது என்பது எனக்கு ஏணிப்படியில் நின்றபோது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தாலும், அந்த மரத்தடிக்கு வாருங்கள் என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா? அவசரத்தில் கையில் இருக்கும் வலையையே பார்க்காதீர்கள். அந்த விலங்கு யாரை நம்புகிறது என்று பாருங்கள். அவரை வரச்சொல்லிக் கேட்பதற்கு முன்னால், வருவதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடந்தது இன்னும் முடியவில்லை. புயலுக்குப் பிறகு லெமூர்கள் கிழக்குக் கிளையில்தான் படுக்கின்றன. வேறு எந்தக் கிளையும் வேண்டாம் என்றாகிவிட்டது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும். லெமூர்கள் தூங்கும்போது ஒரே பந்தாக ஒட்டிக்கொண்டு தூங்கும்; தோளுக்கும் தோளுக்கும் நடுவில் விரல் நுழையாது. இவை அப்படி இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்காருகின்றன. இத்தனை வருஷத்தில் ஒரு சாயங்காலமும் அந்த இடம் நிரம்பியதில்லை. ஒவ்வொரு வருஷமும் பிறக்கும் குட்டி மட்டும், நடக்கத் தெரிந்த புதிதில், அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரும். தாய் கூப்பிடாது. தேசம்மா தன் அரிவாள்மணையை மரத்தடிக்கே மாற்றிக்கொண்டுவிட்டார். உச்சி வேளையில் அங்கே உட்கார்ந்து நறுக்குகிறார். சில நாள் பேச்சுச் சத்தம் கேட்கும். கன்னியப்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார்; நீங்களும் நில்லுங்கள்.

திங்கட்கிழமை உங்களோடு இன்னொருத்தியும் வருகிறாள். அதே சர்க்கஸ்காரர், வேறெங்கோ வாங்கிய ஒரு பெண் லெமூரை வைத்துக்கொள்ள முடியாமல் நமக்குத் தருகிறார். வருஷக்கணக்காகத் தனியாக இருந்தது. வாலில் ரோமமே இல்லை, தானே பிய்த்துக்கொண்டிருக்கிறது. குட்டி போட்டதும் இல்லை. இன்னும் தனியாக வைத்தால் சீக்கிரம் செத்துவிடும் என்கிறார் டாக்டர். கூட்டத்தில் விட்டால் மாமியார் கடித்துக் கொன்றுவிடலாம். அந்நியப் பெண்ணை அது அண்டவிடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. சில நாள் அதை வீட்டுக்குள் கம்பிவலைக்குப் பின்னால் வைத்து வாசனை பழக்குவது, புளியங்கொழுந்து கொடுப்பது, பிறகு ஒரு நாள், மற்றவை கிளையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, மேல் திறப்பைத் திறந்துவிடுவது. கிளையில் காலியாக இருப்பது அந்த ஒரே இடம்.

தேசம்மாவிடம் சொன்னேன். இந்த முறை முதலில் அவரிடம்தான் சொன்னேன். நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“கொழந்த இல்லாததா?”

“ஆமாங்க.”

“ஒண்டியாவே கெடந்துச்சா?”

“ஆமா.”

அரிவாள்மணையைத் துடைத்து மடக்கிவிட்டு, நிமிர்ந்து கிளையைப் பார்த்தார்.

“அவசரப்படாத தம்பி. மொதல்ல அக்காவ ஒரு வார்த்த கேட்டுடறேன்.”

கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவர் சரி என்று சொல்லும் நாளில் திறப்பை நான் திறப்பேன். நீங்கள் இரண்டு பேரும் பாலத்தருகே நில்லுங்கள். கையில் வலை வேண்டாம்.